காட்டு லாட்ஜா, காரும் வழிகாட்டியுமா? அப்பா அம்மாவுக்கு எது சரி

தென்னாப்பிரிக்கக் காடான சபி சாண்டில், லாட்ஜில் ஓர் இரவுக்கு என்ன வாடகை என்று அப்பாவிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "லாட்ஜுக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி. மாயவரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வராண்டாவில் பிளாஸ்டிக் பக்கெட் கவிழ்த்து வைத்திருக்கும் லாட்ஜ் அவர் கண்ணில் வந்து போயிருக்கும். தென்னாப்பிரிக்காவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. காட்டுக்கு நடுவே கொஞ்சம் அறைகள், மூன்று வேளைச் சாப்பாடு, காலையும் மாலையும் திறந்த ஜீப்பில் காட்டைச் சுற்றுவது, எல்லாம் சேர்த்து ஒரே விலை. பேர் வாங்கிய இடங்களில் அது ஆளுக்கு ஓர் இரவு இருபதாயிரம் ராண்டைத் தாண்டும். அதற்கு இரண்டு மடங்கு வாங்குகிற இடங்களும் உண்டு.

ஆகஸ்டில் அப்பாவும் அம்மாவும் டர்பனுக்கு வருகிறார்கள். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம். செலவை அண்ணனும் நானும் பாதிப்பாதி. "வாழ்க்கையில் ஒரு தடவைதான், குறை வைக்காதே" என்று அண்ணன் அமெரிக்காவிலிருந்து சுலபமாகச் சொல்லிவிட்டான். எதைப் பதிவு செய்வது என்ற தலைவலி எனக்கு. பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறேன். சபி சாண்டில் இரண்டு இரவு தங்கியிருக்கிறேன், டர்பன் இருக்கிற குவாசுலு நட்டால் மாகாணத்தின் வடபகுதியைத் தனி வழிகாட்டியோடு சுற்றியிருக்கிறேன், ஒருமுறை நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன். ஊரிலிருந்து பெற்றோரைக் கூட்டி வரும் எல்லாரும் இதே கேள்வியில் வந்து நிற்பதால் என் கணக்கை எழுதி வைக்கிறேன்.

முதலில் சபி சாண்டு. குரூகர் தேசியப் பூங்காவின் மேற்கு ஓரத்தை ஒட்டிய தனியார் காடு, சுமார் 65,000 ஹெக்டேர். நடுவில் இருந்த வேலியை 1993-இல் எடுத்துவிட்டார்கள், ஆகவே மிருகங்களுக்கு இரண்டும் ஒரே காடுதான். வித்தியாசம் நமக்கு. பூங்காவுக்குள் சாலையை விட்டு வண்டியை இறக்கக் கூடாது, வண்டியை விட்டு நாமும் இறங்கக் கூடாது. தனியார் பக்கத்தில் சிறுத்தை புதருக்குள் நுழைந்தால் ஜீப்பும் பின்னாலேயே நுழையும். ஒரு மிருகத்தைச் சுற்றி இரண்டு மூன்று வண்டிக்கு மேல் சேர விடமாட்டார்கள், வயர்லெஸ்ஸில் பேசி முறை வைத்துக்கொள்வார்கள். பூங்காவில் ஒரு சிங்கம் சாலையோரம் படுத்துவிட்டால் போதும், முப்பது கார் நிற்கும், தைப்பூசத்துக்குப் பழநி போகும் சாலை மாதிரி.

ஆனால் அந்த விலை எதற்கு என்பது எனக்குப் புரிந்தது இரண்டாம் நாள் காலையில். ஒவ்வொரு ஜீப்பிலும் இரண்டு பேர். ஓட்டுகிறவர் ரேஞ்சர். பானெட்டின் முன்னால் தனியாகப் பொருத்திய சின்ன இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் டிராக்கர், தடம் பார்ப்பவர். பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஷாங்கான் இனக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். எங்கள் டிராக்கர் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தினார், இறங்கினார், மணலை ஒரு குச்சியால் காட்டினார். சிறுத்தையின் காலடி. அதன் மேல் ஓர் இம்பாலா மானின் குளம்பு பதிந்திருந்தது. மான்கள் இந்த இடத்தைக் கடந்தது விடிந்த பிறகு, ஆகவே சிறுத்தை போனது இரவில், அவசரப்பட்டுப் பின்னால் ஓடிப் பயனில்லை என்றார். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு தடம், அது புதுசு. அப்புறம் ஒரு மரத்திலிருந்து அணில் விடாமல் கத்தியது. அவர் அந்தப் பக்கம் கையைக் காட்டினார். நாற்பது நிமிஷம் கழித்துச் சிறுத்தை மருலா மரக்கிளையில் கால் நான்கையும் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. எங்கள் பக்கம் மாடு காணாமல் போனால் குளம்பைப் பார்த்தே எந்தத் திசை, யார் வீட்டு மாடு என்று சொல்கிற தாத்தாக்கள் இருந்தார்கள். அதே வித்தைதான், இங்கே அதற்குச் சம்பளம் உண்டு. இந்தக் கலை அழிந்துவிடக் கூடாது என்று ரேனியாஸ் ம்ஹ்லோங்கோ என்ற பெயர்பெற்ற ஷாங்கான் டிராக்கரும் அவருடைய நண்பர் அலெக்ஸ் வான் டென் ஹீவரும் 2010-இல் ஒரு பயிற்சிப் பள்ளியே தொடங்கினார்கள்.

ஆக, அந்த இருபதாயிரத்தில் எனக்கு உறைத்தது டிராக்கரின் பங்கு மட்டும்தான். காட்டைப் பார்த்த குளியல் தொட்டியில் நான் ஒரு தடவைகூட இறங்கவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டால் யாருக்குக் குளிக்கத் தோன்றும்?

அந்த ஐந்து மணிதான் அப்பா அம்மா விஷயத்தில் என்னை யோசிக்க வைத்தது. ஆகஸ்ட் இங்கே குளிர்காலத்தின் கடைசி. மிருகம் பார்க்க அருமையான மாதம்: புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், தண்ணீர் வற்றியிருக்கும், மிருகங்கள் மிச்சமிருக்கும் குட்டைகளைத் தேடி வரும். மலேரியா பயமும் கோடையைவிடக் குறைவு, என்றாலும் அது மலேரியாப் பகுதிதான், மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்காமல் போகக் கூடாது. ஆனால் திறந்த ஜீப்பில் விடியற்காலைக் காற்று முகத்தில் அடிக்கும். கம்பளியும் சுடுநீர்ப் பையும் கொடுப்பார்கள், இருந்தாலும் காவிரிக் கரைக் குளிருக்கே மஃப்ளர் கட்டுகிற ஆளுக்கு அது போதாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்த ஜீப்பின் பின்வரிசைக்கு ஏற மூன்று உயரமான படி. தனி வண்டி வேண்டுமென்றால் தனிக் கட்டணம், இல்லையென்றால் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே ஜீப். அவர்களுக்குப் பறவைப் பைத்தியம் இருந்தால் நாமும் ஒரு மணி நேரம் கழுகு பார்க்க வேண்டியதுதான்.

சாப்பாடு பிரச்சினை இல்லை, முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால். 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் முட்டை வரும், சிலர் மீனைக்கூடச் சைவத்தில் சேர்த்துவிடுவார்கள். மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த தண்ணீர் எதுவும் கூடாது என்று வரிவரியாக எழுதிவிடுங்கள். எங்களுக்கு நல்ல சாப்பாடே கிடைத்தது. போமா என்கிற வேலி சூழ்ந்த முற்றத்தில் தீ மூட்டி ராத்திரிச் சாப்பாடு போடுவார்கள், அங்கே பக்கத்துக் கம்பியில் குடு என்கிற மான் வகையின் இறைச்சி வெந்துகொண்டிருக்கும். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு ரசம் சாதம் கேட்கமாட்டாள், எழுந்து போய்விடுவாள்.

பணம் யாருக்குப் போகிறது என்று அண்ணன் கேட்டான். நியாயமான கேள்வி. சபி சாண்டிலுள்ள மாலாமாலா நிலம், முன்பு அங்கிருந்து வெளியேற்றப்பட்ட சமூகத்தின் நில உரிமைக் கோரிக்கை 2013-இல் தீர்ந்ததில், அவர்களுக்கே திரும்பியது. அரசு அதற்காகக் கொடுத்தது சுமார் நூறு கோடி ராண்டு. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பதிவு செய்வதற்கு முன் நிலம் யாருடையது என்று கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்கிற இடமா என்றாவது தெரிந்துவிடும்.

இதே காட்டைச் சொந்தக் காரில் பார்க்கும் வழியும் இருக்கிறது. குரூகர் பூங்காவுக்குள் ஸ்குகூசா, சதாரா மாதிரி அரசு முகாம்களில் குடில் எடுத்து, தார்ச்சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்துக்குள் உருட்டிக்கொண்டு போகலாம். செலவு கொஞ்சம்தான். என் கணவருக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் வண்டிக்குள் நாமேதான் வழிகாட்டி என்றால் "அதோ மான்" என்பதற்கு மேல் யாருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. முதல் ஐம்பது இம்பாலாவுக்கு அப்புறம் அதையும் சொல்ல மாட்டோம்.

கேப் டவுனை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டேன். ஆகஸ்டில் அங்கே மழை, கடல் கொந்தளித்தால் ராபன் தீவுப் படகை நிறுத்திவிடுவார்கள். அந்தத் தீவுச் சிறையை அங்கேயே கைதியாக இருந்தவர்கள் சுற்றிக் காட்டுவதுண்டு, அதைவிடப் பெரிய உள்ளூர் நிபுணர் யார்? ஆனால் அதற்குத் தனி ஏற்பாடு, ஆடம்பரம் எதுவும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே படகு. நல்லதுதான். வேறு மாதத்தில் வருபவர்கள் தவறவிட வேண்டாம்.

சரி, என் மனம் போவது மூன்றாவது வழிக்கு: டர்பனிலிருந்தே ஒரு வண்டி, ஒரு வழிகாட்டி, ஐந்து நாள், நம் வீட்டு ஆட்கள் மட்டும்.

வடக்கே என்-2 நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் போனால் ஹ்லுஹ்லுவே இம்ஃபோலோசி பூங்கா. முதல் எழுத்தை உச்சரிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. ஜூலுக்காரர்கள் நம் ழகரத்தில் திணறுவதைக் கேட்டு ஆறுதல் பட்டுக்கொண்டேன். 1895-இல் அறிவிக்கப்பட்ட காடு, ஆப்பிரிக்காவிலேயே மிகப் பழைய காப்புக்காடுகளில் ஒன்று. அதற்கும் முன்னால் ஜூலு மன்னர் ஷாக்காவின் வேட்டைக்காடு. கறுப்பு இம்ஃபோலோசி ஆறும் வெள்ளை இம்ஃபோலோசி ஆறும் கூடுகிற இடத்துப் பக்கம் குழி வெட்டி மிருகங்களை விரட்டிப் பிடித்திருக்கிறார்கள். தெற்கத்தி வெள்ளைக் காண்டாமிருகம் உலகத்திலேயே இங்கே மட்டும் ஒரு சிறு கூட்டமாக மிஞ்சியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1960-களில் இங்கிருந்து பிடித்து மற்றக் காடுகளுக்கு அனுப்பினார்கள். குரூகரில் பணம் கொட்டிப் பார்க்கிற வெள்ளைக் காண்டாமிருகத்தின் பூர்வீகம் இதுதான். அந்த வேலையை நடத்திய இயன் பிளேயருக்குக் காட்டைச் சொல்லிக் கொடுத்தவர் மக்குபு ந்டோம்பேலா என்ற ஜூலு வனக் காவலர், எழுதப் படிக்கத் தெரியாதவர். 1959-இல் இருவரும் சேர்ந்து இங்கே ஆட்களை நடத்திக் கூட்டிப் போகத் தொடங்கினார்கள். 'உள்ளூர் நிபுணர் துணையுடன்' என்று இப்போது பளபளப்பான காகிதத்தில் அச்சடித்து விற்பதற்கு ரொம்பக் காலம் முன்னால் இந்த நாட்டில் அது இப்படித்தான் இருந்தது.

பூங்காவுக்குள் காம்பி என்கிற மூடிய வேனிலேயே போகலாம். கண்ணாடியை ஏற்றி ஹீட்டர் போடலாம், அம்மாவுக்குப் படி ஒன்றுதான். அங்கிருந்து செயின்ட் லூசியா பக்கம். 1999-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம், படகில் உட்கார்ந்தபடியே நீர்யானைக் கூட்டத்தைப் பார்க்கலாம். ராத்திரியில் அவை ஊருக்குள்ளேயே புல் மேய வரும். ஆகஸ்டில் கடலில் கூன்முதுகுத் திமிங்கிலமும் உண்டு, ஆனால் அந்தப் படகு ஆடுகிற ஆட்டத்துக்கு அப்பாவை ஏற்ற மாட்டேன்.

நான் முக்கியமாக நினைப்பது அதற்கடுத்த இரண்டு நாள். அப்பா வரலாற்று வாத்தியார். இசாண்டில்வானா மலையடிவாரத்தில் 1879 ஜனவரி 22 அன்று, சுமார் இருபதாயிரம் பேர் கொண்ட ஜூலு படை பிரிட்டிஷ் முகாமைத் துடைத்தெடுத்தது. துப்பாக்கியும் பீரங்கியும் ஒரு பக்கம், பெரும்பாலும் ஈட்டியும் கேடயமும் மறுபக்கம். இப்போது போனால் புல்வெளியில் வெள்ளையடித்த கற்குவியல்கள், அவ்வளவுதான். அவற்றின் கீழே பிரிட்டிஷ் வீரர்கள். தனியாகப் போனால் பத்து நிமிஷத்தில் திரும்பிவிடலாம், நானே அப்படித் திரும்பியிருக்கிறேன். அடுத்த முறை வந்த வழிகாட்டி அருகிலுள்ள நுகுத்து ஊர்ப் பக்கத்துக்காரர், அவருடைய முப்பாட்டனார் இன்கோபமகோசி படைப்பிரிவில் சண்டை போட்டவராம். எங்களை ஒரு கல்லில் உட்கார வைத்துவிட்டு, மாட்டு வடிவில் ஜூலு படை அணிவகுத்ததில் இடது கொம்பு எங்கே, வலது கொம்பு எங்கே, மாட்டின் மார்பு எங்கே என்று கையை விரித்து நின்று காட்டினார். அன்று பிற்பகல் சூரிய கிரகணம் வேறு. சண்டை நடக்கும்போதே வெளிச்சம் மங்கியது என்று சொல்லிவிட்டு அவர் பேச்சை நிறுத்தினார். என் பையன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். பக்கத்தில் ரோர்க்ஸ் டிரிஃப்ட்டில் அதே நாள் இரவு நடந்த சண்டைக்குப் பிரிட்டிஷ்காரர்கள் 11 விக்டோரியா கிராஸ் கொடுத்துக்கொண்டார்கள். தோற்ற பெரிய சண்டையை மறைக்க ஜெயித்த சின்னச் சண்டைக்குப் பதக்கம் என்று அவர் சொன்ன விதத்துக்கே கூலி கொடுத்துவிடலாம்.

மேற்கே லேடிஸ்மித் பக்கம் ஸ்பியோன்கோப் மலை. 1900 ஜனவரியில், டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களோடு நடந்த போரில் பிரிட்டிஷார் அடி வாங்கிய இடம், உச்சியில் அவர்கள் தோண்டிய பதுங்குகுழியே அவர்களுக்குப் புதைகுழி ஆனது. அந்தப் போரில் காயம்பட்டவர்களைத் தூளியில் சுமந்தது காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை. சுமார் 1,100 பேர், பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். லேடிஸ்மித் முற்றுகையில் பிரபு சிங் என்கிற கூலித் தொழிலாளி மரத்தின் மேல் உட்கார்ந்து, எதிரே மலையில் பீரங்கி பளிச்சிடும் ஒவ்வொரு முறையும் ஊருக்கு மணியடித்தார். எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் கொள்ளுத்தாத்தா மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர். 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பல் டர்பனில் ஆள் இறக்கியது முதல் தொடர்ந்து வந்த கப்பல்களில் ஏதோ ஒன்று. தமிழில் ஆன்ட்டிக்குத் தெரிந்தது தேவாரம் இரண்டு பாட்டும் சமையல் சாமான் பெயர்களும்தான். ஆனாலும் "தூளி தூக்கினவங்க எங்க ஆளுங்க" என்பார். அப்பாவுக்கு இதைச் சொல்ல ஆள் வேண்டும், சிங்கம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஏமாந்த கதை. முன்பு மாமனார் மாமியார் வந்தபோது, 'உங்களுக்கென்றே வடிவமைத்த பயணம்' என்று ஓர் இணையதளத்தில் பதிவு செய்தோம். வந்த தம்பி நல்ல பையன், வண்டியும் நன்றாக ஓட்டினான். ஆனால் இசாண்டில்வானாவுக்கு அவனும் முதல் தடவை. போனைப் பார்த்து வாசித்தான். மாமனார் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கொடுத்த பணத்தில் அந்தத் தம்பிக்குப் போனது எவ்வளவு என்று கேட்டபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டது: இந்த நாட்டில் சட்டப்படி பதிவு செய்யாமல் யாரும் வழிகாட்டியாகச் சம்பாதிக்க முடியாது. பதிவான வழிகாட்டிக்கு அடையாள அட்டையும் பேட்ஜும் உண்டு. ஒரே ஓர் இடத்துக்கு, ஒரு மாகாணத்துக்கு, நாடு முழுவதற்கும் என்று எல்லை போட்டுக் கொடுத்திருப்பார்கள். காட்டுக்கும் பண்பாட்டுக்கும் தனித்தனிப் பிரிவு. கேப் டவுன் அட்டையை வைத்துக்கொண்டு இங்கே வந்தால் சரிப்படாது. வண்டியும் அவரே ஓட்டினால் பயணிகளை ஏற்றுவதற்கான தனி ஓட்டுநர் பெர்மிட் வேண்டும், இல்லாவிட்டால் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸில் சிக்கல் வரும். இதையெல்லாம் கேட்டால் நல்ல வழிகாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார், அவரே அட்டையைப் படம் எடுத்து அனுப்புவார். முன்பணம் கட்டும் முன் அவர் பெயர் தெரிய வேண்டும், பத்து நிமிஷம் போனில் பேச வேண்டும். "எங்கள் குழுவில் ஒருவர் வருவார்" என்று சொன்னால் நான் போனை வைத்துவிடுகிறேன்.

வெளிநாட்டு ஏஜென்சி மூலம் போவதில் ஒரே ஒரு லாபம் உண்டு. விமானம் ரத்தானால் ராத்திரி பதினொரு மணிக்கு யாராவது போன் எடுப்பார்கள். சென்னையிலிருந்து நேரே லாட்ஜுக்குப் போய் நேரே திரும்புகிறவர்களுக்கு அது அவசியம். பெற்றோரோடு நாமும் இங்கேயே இருக்கிறோம் என்றால் அதற்குத் தனியாகப் பணம் கொடுப்பானேன்? நேரடியாகப் பேசினால் வழிகாட்டிக்கும் முழுக்கூலி.

இரண்டையும் சேர்த்துவிடலாமே, ஹ்லுஹ்லுவேயிலிருந்து எஸ்வாத்தினி வழியாக மேலே ஏறினால் குரூகர்தானே என்றான் அண்ணன், மேப்பைப் பார்த்துவிட்டு. மேப்பில் சரி. அது இன்னொரு நாடு. ஊரிலிருந்து வருகிறவர்களின் விசாவில் ஒரே தடவை நுழையலாம் என்று இருந்தால் அந்தப் பக்கம் போனவர்கள் திரும்ப உள்ளே வருவது பெரும்பாடு. சுற்றிக்கொண்டு போனால் ஒரு நாள் முழுக்க ரோட்டில்.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். ஐந்து நாள் குவாசுலு நட்டால், நுகுத்து வழிகாட்டியே வருகிறார். கடைசியில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு நாள், அங்கே வேறு வழிகாட்டி. பிராம்ஃபோன்டீன் கல்லறைத் தோட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மை இருக்கிறாள். காந்தியின் போராட்டத்தில் சிறை போய், வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் செத்துப்போன பெண். அப்பா தில்லையாடிக்குப் பக்கத்துப் பள்ளியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்குள்ள மண்டபத்துக்குப் போவார். அந்தக் கல்லறைக்கு எந்த லாட்ஜும் கூட்டிப் போகாது. சபி சாண்டுக்கு வயதில் சின்னவர்கள், மிருகப் பிரியர்கள், கல்யாண நாள் கொண்டாடும் ஜோடிகள் யாராக இருந்தாலும் போகட்டும், இரண்டு இரவு போதும், மூன்றாவது இரவின் காசை டிராக்கருக்கும் ரேஞ்சருக்கும் டிப்ஸாகக் கொடுத்தாலும் தப்பில்லை.

நேற்று அப்பாவிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னேன். வள்ளியம்மை பேரைக் கேட்டதும் தேதி குறித்துக்கொள்கிறேன் என்று பேனா தேடப் போய்விட்டார். போனை வாங்கிக்கொண்ட அம்மா, "அப்போ சிங்கம்?" என்றாள். வழிகாட்டியிடம் கேட்டேன். காண்டாமிருகத்துக்கு ஏறக்குறைய உத்தரவாதம் தருகிறேன், சிங்கத்துக்கு யார் உத்தரவாதம் தந்தாலும் நம்பாதீர்கள் என்றார். ஹ்லுஹ்லுவேயில் இன்னும் ஓர் இரவு சேர்த்திருக்கிறேன்.